பீரோவைத் திறந்துட்டு மாடிக்கு ஏறு

சூரியன்கிட்ட மட்டும் அனுமதி வாங்க வேண்டாம் மருமவனே. அவரு நம்ம கரிசக்காட்டுல யாரையும் கேக்காம வருசம் பூரா காய்ச்சு எடுக்காரு. மொட்டைமாடியில சோலார் மாட்டணும்னா மத்த யார்யாரைக் கேக்கணும்னு நீ ஒரு பட்டியல் போட்டு வச்சிருப்ப. பெங்களூர்ல கம்ப்யூட்டர் தட்டுத பிள்ளை, பட்டியல் இல்லாம பல்லு கூட விளக்கமாட்ட. ஈ.பி. ஆபீசு, பாங்கு, டெல்லி சர்க்காரோட வலைத்தளம், பேனல் விக்கிற கம்பெனி. நல்லது. அவுக நாலு பேரும் உனக்குத் தடை சொல்லப்போறதில்ல. தடை சொல்லக்கூடிய ஆளுகளை எல்லாம் பட்டியல்ல விட்டுட்ட. அதுக்குத்தான் கூப்பிட்டு விட்டேன். உக்காரு, டீ வருது.

முதல்ல சர்க்காரைக் கொஞ்சம் புகழ்ந்துக்கிடுவோம். பின்னால நேரம் கிடைக்காது. முன்னெல்லாம் வீட்டு மாடியில பேனல் போடணும்னு மனு கொடுத்தா, டிரான்ஸ்பார்மர் தாங்குமா, தெருக்கம்பி தாங்குமான்னு ஒரு சாத்தியக்கூறு ஆய்வு நடக்கும். ஆய்வு முடியுததுக்குள்ள மனு போட்டவன் ஆசையே ஆறிப்போகும். 2024 பிப்ரவரியில மின்நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தினாக. 10 கிலோவாட் வரைக்கும் அந்த ஆய்வே வேண்டாம், மனு போட்டாலே ஏத்துக்கிட்டதா அர்த்தம். உன் வீட்டுக்கு வாங்கின லோடு பத்தலேன்னா அதையும் சேத்துக் கூட்டிக்கிடலாம். 10க்கு மேல போறவுகளுக்குத்தான் ஆய்வு. அதுக்கும் 20 நாளா இருந்த கெடுவை 15 ஆக்கினாக. பேனலை மாட்டி முடிச்சாச்சுன்னு எழுதிக் கொடுத்தா, வந்து பாத்து மீட்டரை மாத்தி ஓடவிட முன்னால 30 நாள் கெடு, இப்ப அதுவும் 15. அஞ்சு கிலோவாட் வரைக்கும் தெரு லைனைப் பலப்படுத்த வேண்டியிருந்தா அந்தச் செலவும் மின்விநியோகம் பண்ணுதவுகளோடது. காயிதத்துல இவ்வளவு சுருக்கா ஒரு காரியம் முடியும்னு எழுதி வச்சதுக்கே ஒரு கும்பிடு போடணும். போட்டாச்சு.

சட்டம் வழி விட்டுருச்சு. இப்ப அந்த வழியில யாரு நிக்கான்னு பாரு. உங்க தாத்தா நிக்காரு.

சிரிக்காத. உங்க வீட்டு ஈ.பி. அட்டையை எடுத்து யாரு பேரு போட்டிருக்குன்னு ஒரு தடவையாவது பாத்திருக்கியா? அவரு போய்ச் சேந்தப்ப நீ டவுசர் போட்டுக்கிட்டுத் திரிஞ்ச. ஆனா மின்கணக்குல மனுசன் இன்னும் உசுரோட இருக்காரு. ரெண்டு மாசத்துக்கு ஒருக்க அவரு பேருக்குத்தான் பில்லு வருது, என் தங்கச்சி கட்டிக்கிட்டிருக்கா. கரண்ட் எரியத வரைக்கும் யாரும் கேக்கல. நீ இப்ப வலைத்தளத்துல போய் மாநிலம், மின்கழகம், இணைப்பு எண்ணுன்னு ஒவ்வொண்ணா அடிச்சேன்னா அங்க வந்து நிக்கிறது தாத்தா பேரு. மானியம் யாருக்கு? இணைப்பு யாரு பேர்ல இருக்கோ அவருக்கு. எந்த பாங்குக் கணக்குல போடணும்? அவரு கணக்குல. தாத்தாவுக்கு ஆதாரும் கிடையாது, அவரு போயிருக்குத ஊர்ல பாங்குக் கிளை திறந்ததாகவும் செய்தி இல்ல.

அப்ப பேர் மாத்தணும். அதுக்கு ஆன்லைன்லயே வழி இருக்கு, பாரமும் பெரிசில்ல. பாரத்தோட என்ன வைக்கணும்கிறதுலதான் இருக்கு கூத்து. வீடு உனக்குத்தான்னு காட்டுத பத்திரம், வீட்டு வரி ரசீது, தாசில்தார் கொடுக்குத வாரிசுச் சான்றிதழ், மத்த வாரிசுக்காரவுக சம்மதம், ஒரு உறுதிமொழிப் பத்திரம். வாரிசுன்னா யாரு? உங்கப்பா இல்ல, அதனால நீயும் உன் தங்கச்சியும் உங்கம்மாவும். திருப்பூர்ல இருக்குத உங்க சித்தப்பா. அப்புறம் சாத்தூர் அத்தை. ஆமா, அதே அத்தைதான். உன் கல்யாணப் பத்திரிகையில அவ வீட்டுக்காரர் பேரை "தங்கள் நல்வரவை நாடும்"ங்கிற கூட்டத்துல கடைசியில தள்ளிட்டீகன்னு சாப்பிடாமப் போனாளே. அவ கையெழுத்து போடணும். அதுக்கு ஒரு நாள் பூவும் பழமும் வாங்கிட்டுப் போய் அவ வீட்டுத் திண்ணையில உக்காந்து, அவ பேசுதது அம்புட்டையும் கேட்டு, நடுவுல "ஆமா அத்தை"ன்னு மட்டும் சொல்லிட்டு வரணும். அதுக்கு எந்த வலைத்தளத்துலயும் பொத்தான் கிடையாது.

அதனாலதான் சொல்லுதேன், அளவு டேப்பை வச்சுக்கிட்டு மாடிக்கு ஏறாத. முதல்ல பீரோவைத் திற. பத்திரம் எங்க இருக்கு, பங்கு பிரிச்சுருக்கா, பிரிக்காம வாய்வார்த்தையா இருக்கா, வரி ரசீது யாரு பேர்ல வருதுன்னு பாரு. நம்ம பக்கத்துல சோலார் மனு தேங்கி நிக்கிறதுல பாதி, ஆபீசுல யாரும் நிறுத்தி வச்சதில்ல. அவுகவுக பீரோவுலயே நிக்குது.

அடுத்தது காசு. உங்க கூட்டாளி ஒருத்தன் டீக்கடையில சத்தமா சொல்லிக்கிட்டிருந்தான், சோலார் இப்ப இலவசம்னு. நானும் காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டேன். 2024 பிப்ரவரி 13ஆம் தேதி பிரதமர் சூரிய வீடு திட்டத்தை அறிவிச்சாக. ஒரு கோடி வீடு, 75,021 கோடி ரூபாய், மாசம் 300 யூனிட் வரைக்கும் இலவச மின்சாரம். அறிவிப்புல "இலவசம்" இருக்கு, உண்மை. ஆனா பேனல் இலவசம்னு எங்கயும் சொல்லல. நீ காசு போட்டு மாட்டணும், மாட்டினதை மின்கழகத்துக்காரவுக பாத்துச் சான்று கொடுக்கணும், அதுக்கப்புறம்தான் மானியம் உன் கணக்குக்கு வரும். இலவசம்ங்கிற வார்த்தையைக் கேட்டதும் நம்ம ஆளுக காது அதோட மூடிக்கிடுது. மிச்ச வரி உள்ள போறதில்ல.

மானியக் கணக்கு லேசுதான், உனக்கு விரல்ல வந்துரும். முதல் ரெண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000. மூணாவதுக்கு 18,000. ஆக 78,000, அதோட நிறுத்தம். நாலு போட்டாலும் 78,000, பத்து போட்டாலும் அதேதான். டெல்லிக்காரவுக மனசுல வச்சிருக்குத விலை முதல் ரெண்டு கிலோவாட்டுக்குத் தலா 50,000, அதுக்கு மேல 45,000. அதுல முதல் ரெண்டுக்கு 60 சதவீதம், மூணாவதுக்கு 40 சதவீதம்னு போட்டுத்தான் இந்தத் தொகை வந்துது. கம்பெனிக்காரன் உன்கிட்ட சொல்லுத விலை அவன் மனசுல வச்சிருக்குத விலை. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு எந்த விதியும் இல்ல, அதனால மூணு கம்பெனியில விலை கேளு. நல்ல காலம், 2025 செப்டம்பர் 22லயிருந்து சோலார் சாமானுக்கு ஜி.எஸ்.டி.யை 12லயிருந்து 5 ஆக்கிட்டாக. பழைய வரியைப் போட்டு எவனாவது விலைப்பட்டியல் கொடுத்தான்னா, அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிரு.

கையில காசு இல்லேன்னா மூணு கிலோவாட் வரைக்கும் அடமானம் இல்லாம பாங்குல கடன் உண்டு. ரிசர்வ் பாங்கோட ரெப்போ வட்டிக்கு மேல அரை சதவீதம்தான் கூட. நீ போன வருசம் வாங்கின அந்த மோட்டார் சைக்கிளுக்குக் கட்டுத வட்டியை நினைச்சுப் பாத்தேன்னா இது வட்டியே இல்ல. ஆனா ஒண்ணு, "சூரிய வீடு திட்டத்துலயிருந்து பேசுதோம், மானியம் வந்துருச்சு, ஓ.டி.பி. சொல்லுங்க"ன்னு எவனாவது போன் பண்ணுவான். நீ சொல்லமாட்ட. உங்கம்மா சொல்லிருவா. அவகிட்ட இன்னைக்கே சொல்லி வை.

சரி, எத்தனை கிலோவாட்? அஞ்சு போடப்போறேன், மிச்சத்தை ஈ.பி.க்கு வித்துச் சம்பாதிப்பேன்னியாம். கேட்டதும் எனக்குப் பெருமையா இருந்துது, நம்ம குடும்பத்துல ஒரு மின்சார வியாபாரி. கமுதிப் பக்கம் 2016லயே 648 மெகாவாட்டுக்குப் பேனல் போட்டுருக்காக, போய்ப் பாத்துட்டு வா. கண்ணுக்கு எட்டுன தூரம் கறுப்புக் கண்ணாடியா கெடக்கும். கரண்ட் விக்கிறது அவுக தொழில். உனக்கும் எனக்கும் அது மிச்சம் பிடிக்கிற வழி, அவ்வளவுதான். பகல்ல உன் வீடு தின்னது போக மிஞ்சினது லைனுக்குப் போகும், மீட்டர் அதை உன் வரவுல எழுதும், ராத்திரி நீ எடுக்குததை அதுல கழிக்கும். ஒரு பில்லுல மிஞ்சினது அடுத்த பில்லுக்கு வரவு. அதைப் பணமாக்கி மாடிக்கு மேல இன்னொரு மாடி கட்டலாம்னு கணக்குப் போட்டேன்னா, கொத்தனாரை இப்பமே கூப்பிடாத.

உங்க வீட்டு பில்லு நான்தான் பாக்குதேன். ஏ.சி. மாட்டினதுலயிருந்து ரெண்டு மாசத்துக்கு 600 யூனிட் ஓடுது. நம்ம ஊரு வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் நாளைக்கு நாலு யூனிட் தரும்னு வச்சுக்கிடு. ரெண்டு கிலோவாட்டுன்னா எட்டு, அறுவது நாளைக்கு 480. மிச்சம் 120 யூனிட்டுக்குத்தான் நீ ஈ.பி.க்கு முன்னால நிக்கணும். நம்ம மாநிலத்துல வீடுகளுக்கு முதல் 100 யூனிட் 2016லயிருந்து காசில்லேங்கிறதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. இன்னொண்ணையும் கவனி. 500 யூனிட்டுங்கிறது நம்ம கட்டண அட்டவணையில ஒரு எல்லைக்கல்லு. 2024 ஜூலைக் கட்டணத்துல 500ஐத் தாண்டின யூனிட்டு ஒண்ணு 8 ரூபாய் 55 காசு, ஆயிரத்தைத் தாண்டினது 11 ரூபாய் 80 காசு. தாண்டினதுக்கு மட்டும் இல்ல, கீழ இருக்குத யூனிட்டோட விலையும் கொஞ்சம் ஏறிரும். அதனால பேனலோட வேலை உன் பில்லைச் சைபர் ஆக்குறதில்ல, அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் உன்னை இழுத்து வைக்கிறதுதான். ரெண்டு கிலோவாட்டே அதுக்குப் போதும். நாளைக்கு மின்சார வண்டி வாங்குவேன், இன்னொரு ஏ.சி. போடுவேன்னா மூணு போடு. அஞ்சு எதுக்கு?

எங்க வீட்டுக்கு ஏன் மாமா போடலேன்னு கேப்ப. ரெண்டு பேன், மூணு பல்பு, ஒரு டி.வி. ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட்டைத் தொட்டதில்ல, பில்லே வாரதில்ல. வராத பில்லை மிச்சம் பிடிக்க ஒரு லட்சம் செலவழிக்கச் சொல்லுதியா? போன மாசம் ஒரு கம்பெனிப் பையன் வந்து என்கிட்ட இருபத்தஞ்சு வருசத்துல எம்புட்டு லாபம்னு போட்டுக் காட்டினான். எனக்கு இப்ப எழுவத்தி மூணுன்னேன். எழுந்து போயிட்டான்.

அடுத்து நான் சொல்லப்போறதைக் கேட்டு நீ மனசு ஒடஞ்சுரக் கூடாது. ஊர்ல கரண்ட் போனா உன் வீட்டுலயும் போகும்.

முழிக்காத. மாடியில பேனல், வானத்துல சூரியன், உச்சி வெயிலு மண்டையைப் பொளக்கும், உன் வீட்டு பேன் நிக்கும். உன் கூட்டாளிக யாரும் இதைச் சொல்லியிருக்கமாட்டான், ஏன்னா அவனுகளுக்கே மாட்டினதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. லைனோட சேந்து ஓடுத இன்வெர்ட்டர், லைன்ல கரண்ட் இல்லேன்னு தெரிஞ்ச நொடியில தானும் நிக்கணும்னுதான் விதி. ஏன்? கரண்ட் கட் பண்ணிட்டு லைன்மேன் போஸ்டுல ஏறுதான். கம்பியில உசுரு இல்லேன்னு நம்பித் தொடுதான். உன் மாடியிலயிருந்து கரண்ட் அந்தக் கம்பிக்குப் போச்சுன்னா அவன் கீழ வரமாட்டான், விழுவான். நம்ம ஊரு லைன்மேன் பிள்ளை குட்டிக்காரன். இம்புட்டு விதியில எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி இதுதான், இதை எழுதினவன் போஸ்டுல ஏறுதவனை நினைச்சு எழுதியிருக்கான். ஆய்வுக்கு வாரவுக மெயின் சுவிட்சை அணைச்சு இன்வெர்ட்டர் நிக்குதான்னு பாப்பாக, நீயும் கூட நின்னு பாரு. கரண்ட் போனாலும் பேன் ஓடணும்னா பேட்டரியோட ஹைப்ரிட் இன்வெர்ட்டர் போடணும், அதுக்குத் தனிக் காசு, பேட்டரிக்கு மானியத்துல கூடுதலா ஒண்ணும் கிடையாது. இல்லேன்னா பழையபடி பனைவிசிறி. அது என்கிட்ட ரெண்டு இருக்கு.

மாட்டினதும் இன்னொரு சண்டை வரும், அதையும் இப்பமே தீத்துக்கிடுவோம். உன் போன்ல ஒரு ஆப் இருக்கும், இன்னைக்கு 12 யூனிட் உண்டாச்சுன்னு காட்டும். கீழ வந்து புது மீட்டரைப் பாப்ப. அது ரெண்டு பக்கமும் எண்ணுத மீட்டர், உள்ள வந்தது தனி, வெளிய போனது தனி. வெளிய போனது 7ன்னு காட்டும். உடனே நீ "மாமா, அஞ்சு யூனிட்டைக் காணோம், மீட்டர்ல கோளாறு"ன்னு குதிப்ப. அந்த அஞ்சை உங்கம்மா கிரைண்டர் தின்னுருச்சு மருமவனே, பிரிட்ஜ் தின்னுருச்சு. உண்டான கரண்டு முதல்ல வீட்டுக்குள்ள போகும், மிச்சந்தான் மீட்டரைத் தாண்டி வெளிய போகும். வீட்டுக்குள்ள தின்னதை அந்த மீட்டர் பாக்கவே பாக்காது. இதைத் தெரியாம ஈ.பி. ஆபீசுல போய் உதவிப் பொறியாளர் மேசையைத் தட்டினவுக கதை நிறைய உண்டு. அதனால உங்கம்மாகிட்ட, மாவாட்டுறது, துணி துவைக்கிற மிசினு, தண்ணி மோட்டார் எல்லாத்தையும் பகல் பத்து மணிக்கு மேல வச்சுக்கிடச் சொல்லு. அவ கேக்கமாட்டா. விடிகாலம் நாலு மணிக்கு எந்திரிச்சு மாவாட்டுறதுதான் குடும்பத்துக்கு லட்சணம்னு எங்கம்மா சொல்லி வளத்துட்டாக.

மாடி விசயம் கொஞ்சம் இருக்கு. ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேணும். அதுல வத்தலும் வடகமும் காயப்போடுத இடத்தை நீ எடுத்துக்கிட்டா உங்கம்மா தனியா ஒரு விதி போடுவா. பேனலைத் தூக்கி உசரமா மாட்டி அடியில வடகம் காயவிடலாம், சில வீட்டுல அப்படித்தான் பண்ணியிருக்காக. ஆனா உசரம் கூடக் கூட இரும்புச் செலவு கூடும், காத்தும் கூடும். நம்ம கயத்தாறுப் பக்கத்துல ஏன் அம்புட்டுக் காத்தாடி நிக்குதுன்னு யோசிச்சுப் பாரு. ஆடியில அடிக்கிற காத்து பேனலுக்கு அடியில புகுந்து மேல தூக்கும். 2018ல கஜாப் புயல் வேதாரண்யம் பக்கம் என்ன பண்ணுச்சுன்னு டி.வி.யில பாத்தோம்லா. போல்ட்டைத் தளத்துல நேரா அடிச்சு ஒழுக விட்டுறாம, கான்கிரீட் கட்டை போட்டு நிறுத்தச் சொல்லு. எர்த் குழி, பேனல் பக்கத்துக்கு ஒண்ணு, வீட்டுப் பக்கத்துக்கு ஒண்ணு, இடிதாங்கிக்கு ஒண்ணுன்னு தனித்தனியாக் கேளு. கம்பெனிப் பையன் ஒரே குழியில மூணு கம்பியையும் இறக்கிட்டு டீ குடிக்கப் போயிருவான். அதுவும் நம்ம மண்ணு சித்திரையில வெடிச்சு வாயைப் பொளந்து கெடக்கும், ஈரம் இல்லாத குழி பேருக்குத்தான் எர்த்து. கோடையில அதுல ஒரு குடம் தண்ணி ஊத்து.

பேனலைக் கழுவவும் தண்ணி வேணும். நம்ம போர்த் தண்ணி உப்பு. அதை ஊத்திக் காயவிட்டா கண்ணாடி மேல வெள்ளை வெள்ளையாப் படியும், தூசியே தேவலாம்னு ஆயிரும். மழைத்தண்ணி பிடிச்சு வச்சுக் கழுவு, அதுவும் காலையில கண்ணாடி சூடு ஏறுததுக்கு முன்னால. மயில் வந்து உக்காரும், அதுக்கு உசரமான இடம்னா அம்புட்டு இஷ்டம். விரட்டலாம். கல்லெடுக்காத. 1972ஆம் வருசத்து வன உயிரினச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்குத பறவை அது, பேனலுக்கு வாங்கின அனுமதி அதுகிட்ட செல்லாது.

கம்பெனியைப் பத்தி ரெண்டு வார்த்தை. வலைத்தளத்துல பதிஞ்ச கம்பெனியாப் பாரு. பேனலும் அதுக்குள்ள இருக்குத செல்லும் நம்ம நாட்டுல செஞ்சதா இருந்தாத்தான் மானியம். விலை கொறச்சலா இருக்கேன்னு வெளிநாட்டுப் பேனலை வாங்கி மாட்டிட்டு மானியத்துக்குக் காத்திருந்தேன்னா உன் பேரனுக்குத்தான் பதில் வரும். அஞ்சு வருசம் பராமரிப்பு அவுக பொறுப்புன்னு ஒப்பந்தத்துல இருக்கணும், இருக்கான்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போடு. முழுக்காசையும் முன்னால கொடுத்துறாத. மீட்டர் மாட்டினதுக்கு அப்புறம் கொடுக்க கொஞ்சம் கையில வை, அப்பத்தான் அந்தப் பையன் போனை எடுப்பான்.

பெங்களூர்ல உன் அடுக்குமாடியிலயும் போடலாமான்னு கேட்டியாம். பொதுமாடி எல்லாருக்கும் பொது, நீ மட்டும் ஏறி மாட்ட முடியாது. சங்கம் சேந்து பொது விளக்குக்கும் லிப்டுக்கும் போட்டா கிலோவாட்டுக்கு 18,000 மானியம் உண்டு. சங்கத்துக் கூட்டத்துல தீர்மானம் நிறைவேத்தணும். சாத்தூர் அத்தையைச் சமாளிச்சுட்டேன்னா அதுக்கும் தயாராயிருவ.

இப்ப உன் டேப்பு விசயத்துக்கு வாரேன். நேத்து வைகாசி வெயில்ல மாடியில நின்னு நிழலே இல்லேன்னு குதூகலமா எழுதி வச்சிருப்ப. இப்ப சூரியன் தலைக்கு மேல நிக்காரு, எந்த மரத்துக்கும் நிழல் காலடியிலதான் விழும். கார்த்திகையிலயிருந்து மாசி வரைக்கும் அவரு தெக்க சாஞ்சு போவாரு. அப்ப தெக்க இருக்குத மரத்தோட நிழல் வடக்க நீளும், உன் மாடியில ஏறிப் படுத்துக்கிடும். உங்க தெக்குச் சுவரை ஒட்டி ஒரு வேம்பு நிக்குதுலா, அது மார்கழியில காலை ஒம்பது மணிக்கு எம்புட்டுத் தூரம் வரும்னு எனக்குத் தெரியும், அந்த நிழல்ல நின்னுதான் பல்லு விளக்குவேன். பேனல்களை வரிசையாக் கோத்து ஒரே கம்பியில விடுவாக. ஏர்ல பூட்டின மாட்டுல ஒண்ணு படுத்துட்டா மத்ததும் நிக்குத மாதிரி, ஒரு பேனல்ல நிழல் விழுந்தா வரிசை பூரா மந்தமாயிரும். நாளைக்கு நாலு யூனிட்டுன்னு நான் சொன்ன கணக்கெல்லாம் அந்த நாலு மாசம் ஓடாது.

மரம் யாருதுன்னு நீ கேக்கல. நான் சொல்லுதேன். என்னுது.

அதைக் கழிக்கிறதுக்கு டெல்லி வலைத்தளத்துல இடம் கிடையாது, ஈ.பி. மனுவுல பத்தி கிடையாது. மனுவை என்கிட்ட கொடு, எழுத்துல, ரெண்டு நகலோட. உன் தாத்தா பேர்ல வேண்டாம், அவரோட எனக்குப் பேச்சு வார்த்தை இல்ல. கூட ஒரு கிலோ கோவில்பட்டிக் கடலைமிட்டாய், 2020ல புவிசார் குறியீடு வாங்கினது, அசலா இருக்கணும். எனக்கும் 15 நாள் கெடு உண்டு. ஆய்வு பண்ண மாடிக்கு நானே வருவேன், ஏணியை நீ பிடிக்கணும். வடக்குப் பக்கம் சாஞ்ச ரெண்டு கிளையைக் கழிக்க அனுமதி கிடைக்கும்னுதான் தோணுது. மரத்தையே எடுக்கணும்னா அது என் அதிகாரத்துக்கு மேல, எங்க வீட்டு அத்தைகிட்ட போகணும். அவ மத்தியானம் அந்த மரத்தடியிலதான் கட்டிலைப் போட்டுப் படுக்கா. மனு போட்டாலே ஏத்துக்கிட்டதா அர்த்தம்ங்கிற விதியெல்லாம் அங்க கிடையாது.